பூம்பாறை வழியில் ஒரு ரெடிமேட் வீடு: வளைவுகள் வைத்த அளவு

“ஏம்ப்பா, இதுல பூண்டை எங்க கட்டுறது?”

ரெடிமேட் வீடு செய்யும் ஆலையிலிருந்து வந்த வரைபடத்தைத் தரையில் விரித்து, இது ஹால், இது படுக்கையறை, இது அடுப்படி என்று நான் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது வீடு கட்டும் டீச்சரின் மாமியார் கேட்டது இது. எண்பதைத் தாண்டியவர். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை. ஆலையிலிருந்து வந்த தம்பி, பாட்டி ஏதோ வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். அந்த வீட்டுக்கு நாங்கள் செய்த மாற்றங்களில் உருப்படியானது எது என்று இன்றைக்குக் கேட்டால், அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதைத்தான் சொல்வேன். உருப்படாதவையும் இரண்டு உண்டு. அதில் ஒன்று என் கையெழுத்தில் நடந்தது.

இடம், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகும் சாலையில் ஒரு குக்கிராமம். தார்ச் சாலையை விட்டு மண்பாதையில் நானூறு மீட்டர் இறங்க வேண்டும். டீச்சரும் அவர் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இருந்தது மண்சுவர், தகரக் கூரை போட்ட பழைய வீடு. ஒரு ஐப்பசி மழையில் பின்பக்கச் சுவர் அரையடி இறங்கிவிட்டது. பக்கத்திலேயே 620 சதுர அடியில் புதிதாகக் கட்டலாம் என்றால், செங்கல்லும் மணலும் மலைக்கு ஏறும் கூலி ஒரு பக்கம், ஆள் கிடைக்காதது இன்னொரு பக்கம். வடகிழக்குப் பருவமழை விட்டதிலிருந்து கோடை மழை பிடிப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும். சென்னையில் இருக்கும் மகன் ரெடிமேட் வீட்டு விளம்பரம் ஒன்றை அனுப்பினார். படத்தில் வீடு புல்வெளி நடுவே தட்டையான நிலத்தில் நின்றது. அந்தப் படத்தை மலைக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பதுதான் எனக்கு வந்த வேலை.

பெட்டி ஏறாது

ரெடிமேட் வீடு என்றதும் பலருக்கும் கண்டெய்னர்தான் கண்ணுக்குள் வரும். ஆலையில் செய்யும் வீடுகள் இரண்டு விதம். ஒன்று பெட்டி: தரை, சுவர், கூரை, வயரிங், டைல்ஸ் எல்லாம் ஆலையிலேயே முடித்து, முழு அறையாக லாரியில் ஏற்றி, கிரேன் வைத்து இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவது. மற்றது பலகை: துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டை ஆங்கில ‘C’ எழுத்து வடிவில் மடித்துச் சட்டம் செய்து, அதன்மேல் ஃபைபர் சிமென்ட் போர்டு அறைந்து, சுவரைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து இடத்தில் பூட்டுவது. இந்த இரும்புச் சட்டத்தின் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். கையில் எடுத்தால் தகர டப்பா போலத்தான் இருக்கும். மடிப்பில்தான் அதன் பலம்.

விளம்பரத்தில் இருந்தது பெட்டி வீடு. இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 40 அடி. 40 அடிக் கண்டெய்னரின் நீளம் 12.19 மீட்டர், அதை இழுக்கும் வண்டியின் முகப்பு தனி. கொடைக்கானலுக்கு 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வாகனங்கள் ஏறக்கூடாது என்று 2024 நவம்பரில் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிட்டது. தடை இல்லாவிட்டாலும் கொண்டை ஊசி வளைவில் அது திரும்பியிருக்காது. அப்போது 20 அடிப் பெட்டி? அது ஆறு மீட்டர்தான், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் வரை சிரமமில்லாமல் வந்துவிடும். பிறகுதான் சிக்கல். பூம்பாறைச் சாலையின் வளைவுகளைத் தாண்டி, மண்பாதையின் முகப்பில் நின்றுவிடும். அந்தப் பாதையில் பிக்கப் வண்டி மட்டும்தான் போகும், அதுவும் மழையில்லாத நாளில். பெட்டியைத் தூக்க ஹைட்ரா கிரேன் வேண்டும். ஹைட்ரா நிற்கச் சமதளம் வேண்டும். சமதளத்துக்குச் சரிவை வெட்ட வேண்டும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போய், வீட்டுக்காக மலையை மாற்றுவதில் போய் நிற்கும் என்று தெரிந்ததும் பெட்டியை விட்டுவிட்டோம்.

லா என்ற ஆங்கிலேயரின் பெயரால் வழங்கும் மலைச்சாலை 1916ல் பொதுமக்களுக்குத் திறக்கும்வரை கொடைக்கானலுக்கு வந்த சாமான் எல்லாம் ஆள்தலையிலும் மாட்டுமுதுகிலும் ஏறியவைதான். கடைசி நானூறு மீட்டருக்கு எங்கள் நிலைமையும் அதேதான்.

அதனால் பலகை வீடு. பலகையின் அளவை எது தீர்மானிப்பது? ஆலைக்காரர்கள் சமவெளியில் 3.6 மீட்டர் அகலப் பலகையாக அடித்துக்கொண்டு போவார்களாம். நாங்கள் பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். பிக்கப்பில் நிறுத்திக் கட்ட முடிய வேண்டும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து நான்கு பேர் தூக்கி, ஈர மண்ணில் வழுக்காமல் இறங்க வேண்டும். 1.2 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், வெளிப்பக்க போர்டு மட்டும் அடித்தது என்றால் ஒரு பலகை எழுபது கிலோவுக்குள் நிற்கும். உள்பக்க ஜிப்சம் போர்டை இடத்தில் அடித்துக்கொள்ளலாம். வீடு 9.6 மீட்டருக்கு 6 மீட்டர். வெளிச்சுவரைச் சுற்றி 26 பலகை. கூரையைத் தாங்கும் முக்கோண இரும்புச் சட்டமான டிரஸ்ஸை நடுவில் இரண்டாக வெட்டி, முகட்டில் போல்ட் போட்டுச் சேர்க்கும்படி மாற்றச் சொன்னோம். குளியலறையை மட்டும் டைல்ஸ் ஒட்டிய பெட்டியாகத் தர ஆலைக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். ஒன்றரை டன் கனத்தை யார் இறக்குவது என்று கேட்டதும் விட்டுவிட்டார்கள்.

இதில் ஒரு விலை உண்டு, அது ரூபாயில் வராது. 3.6 மீட்டர் பலகையாக இருந்தால் சுற்றுச் சுவருக்குப் பத்துப் பலகை, பத்து இணைப்பு. எங்களுக்கு 26. மலைச்சாலையில் இருக்கும் வளைவெல்லாம் சுவரில் வந்து கோடாக நின்றுவிட்ட மாதிரி. ஒவ்வொரு கோடும் மழைக்கு ஒரு வாசல். மேலே ஒன்றும் தெரியாமல் சிலிக்கோன் பசை வைத்து அடைத்துவிடலாம் என்றது ஆலை. அதை மட்டும் நம்பினால், ஓரிடத்தில் உரிந்தாலும் மழை உள்ளே வந்துவிடும். நாங்கள் வேறு வழி எடுத்தோம். பலகைகளுக்கு மேல் தண்ணீரைத் தடுத்து நீராவியை விடும் உறை ஒன்றைச் சுற்றி, அதன்மேல் செங்குத்தாகப் பட்டைச் சட்டம் அடித்து, இரண்டு செ.மீ. இடைவெளி விட்டு, வெளியே இன்னொரு அடுக்கு சிமென்ட் பலகை, பலகைமேல் பலகை ஏறினாற்போல. மழை முதல் அடுக்கைத் தாண்டினாலும் இடைவெளியில் வழிந்து கீழே போய்விடும். காற்று போய்வருவதால் காய்ந்தும்விடும். இது செலவு பிடித்த மாற்றம். ஆனாலும் 26 கோடுகளும் இன்றுவரை ஒழுகவில்லை. ஒழுகியது வேறு இடம்.

ஒரு நூல்

வீட்டை ஆலையில் செய்தாலும் மண்ணில் உட்காரும் இடத்தை ஊர் மேஸ்திரிதான் செய்ய வேண்டும். இரண்டு உலகமும் முட்டிக்கொள்வது அங்கேதான்.

சரிவை வெட்டித் தட்டாக்குவதில்லை என்று முதலிலேயே முடிவு. இங்கே ஜேசிபி இறக்க அனுமதி வாங்க வேண்டும் என்பது ஒரு காரணம். வெட்டிய மேடு அடுத்த மழையில் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பது பெரிய காரணம். சரிவை அப்படியே விட்டு, கையால் இருபது குழி தோண்டி, கான்கிரீட் கால் எழுப்பினோம். முன்பக்கக் கால் ஓரடி, பின்பக்கக் கால் ஐந்தடி. மேட்டுப்பக்கம் அரைவட்டமாக ஒரு வடிகால் வெட்டி, வருகிற தண்ணீரை வீட்டுக்கடியில் விடாமல் ஓடைக்குத் திருப்பினோம். கால்களுக்குமேல் இரும்பு உத்தரம், அதன்மேல் தரை.

மேஸ்திரி கேட்டார்: “எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம் சார்?”

“மூணு மில்லிமீட்டர், அண்ணே.”

“மில்லிமீட்டர் எல்லாம் வேணாம். நூல்ல சொல்லுங்க.”

ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டரும் கொஞ்சமும். ஆலை கேட்கும் துல்லியமும் நம் தச்சர்களும் கொத்தனார்களும் காலங்காலமாகச் சொல்லிவரும் மிகச் சின்ன அளவும் ஒன்றாகவே இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. “ஒரு நூல்” என்றேன். அவர் சரிவை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். “சரி, பார்க்கலாம்” என்றார்.

ஆலையிலிருந்து போல்ட் துளையோடு இரும்புத் தகட்டு அச்சு ஒன்றை முன்கூட்டியே வரவழைத்திருந்தேன். கான்கிரீட் ஊற்றும்போது அந்த அச்சில் போல்ட்டைப் பூட்டியே ஊற்றினோம். மட்டம் பார்த்தது பழைய முறைதான், தண்ணீர் நிரப்பிய டியூப். மூலைக்கு மூலை நாடா பிடித்தால் இரண்டு பக்கமும் 11.32 மீட்டர் வர வேண்டும். வந்தது. இருபது காலில் பதினேழு ஒரு நூலுக்குள். இரண்டு, இரண்டு நூல். கடைசி ஒன்று ஆறு நூல் தாழ்ந்துவிட்டது. டியூபில் காற்றுக்குமிழி நின்றிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. மேஸ்திரிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரும்புத் தகடுகளை அடுக்கிச் சரிசெய்துவிட்டோம். அதற்காகத்தான் அடித்தகட்டில் துளைகளை வட்டமாகப் போடாமல் நீளவாக்கில் போடச் சொல்லியிருந்தேன்.

செங்கல் வீடு கட்டிப் பழகியவர்களுக்குப் புரியவைக்கச் சிரமப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு நானூறு கிலோவுக்கு மேல் இருக்கும். எங்கள் சுவர் ஐம்பது கிலோ பக்கம். சரிவில் கனம் குறைவது நல்லதுதான், ஆனால் காற்றுக்கும் அது நல்ல சேதி. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, உள்ளே இத்தனை தூரம் வந்து கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்துப் பாதையை அடைத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அஸ்திவாரம் வீட்டைத் தாங்கினால் மட்டும் போதாது, பறக்காமல் பிடித்தும் வைக்க வேண்டும். மூலைகளில் சட்டத்தைக் காலோடு இழுத்துப் பிடிக்கும் இரும்புப் பிடிகளும், 16 மி.மீ. போல்ட்டுகளும் போட்டோம். கூரைத் தகட்டின் ஸ்க்ரூவை மேட்டில்தான் இறக்க வேண்டும், பள்ளத்தில் இறக்கினால் தண்ணீர் அதன் தலைமேலேயே நிற்கும். இதைக் கூரைக்கு ஏறிய பையன்களிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, “தெரியும் சார்” என்று கொஞ்சம் கடுப்பாகவே பதில் வந்தது.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. ஆலையில் செய்த வீடு கட்டிடமே இல்லை, பிளான் அப்ரூவல் தேவையில்லை என்று விற்பவர்கள் சிலர் சொல்கிறார்கள். மண்ணில் பூட்டி, கரண்டும் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் இழுத்து, மனிதர் குடியிருந்தால் அது வீடுதான். அதிலும் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இருக்கிறது. அதன் வரம்புக்குள் வரும் ஊரா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. எங்களுக்கு அனுமதி கைக்கு வந்த பிறகுதான் ஆலையில் தகடு மடங்கியது.

பாட்டியின் பூண்டு

திரும்ப அந்தக் கேள்விக்கு வருகிறேன். பூம்பாறைப் பக்கம் மலைப்பூண்டு பெயர்பெற்றது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த வீட்டில் விதைப்பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். அடுப்புப் புகை பட்டால் கெடாமல், முளைக்காமல் அடுத்த நடவு வரை நிற்கும் என்பது பாட்டியின் கணக்கு. எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். “நல்ல வருஷத்துல நானூறு கிலோ” என்றார் டீச்சர்.

இந்த மாதிரி இரும்பு டிரஸ்ஸின் கீழ்ச்சட்டம் ஜிப்சம் சீலிங்கையும் இரண்டு விளக்கையும் தாங்குவதற்குச் செய்தது. சதுர மீட்டருக்கு இருபத்தைந்து கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒன்பது சதுர மீட்டர் அடுப்படிக்கு மொத்தமே 225 கிலோ, அதில் சீலிங்கின் கனமும் அடக்கம். அதில் நானூறு கிலோ பூண்டைத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கூடவே விறகடுப்பு. ஆலையின் முதல் வரைபடத்தில் சுவருக்குள் ஃபோம் அடைத்த பலகை. அது குளிரைத் தடுப்பதில் கெட்டிக்காரன், ஆனால் தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். விறகடுப்புக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ராக்வூலுக்கு மாற்றச் சொன்னேன். கல்லை உருக்கி நூலாக்கிய பஞ்சு, எரியாது.

பூண்டுக்காகத் தனியாக நான்கு இரும்புக் கம்பம் நிறுத்தலாமா, டிரஸ்ஸைக் கனமாக்கலாமா, புகைபோக்கி எப்படி என்று இரண்டு வாரம் வரைபடம் போய் வந்தது. ஒவ்வொன்றுக்கும் விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் டீச்சர்தான் சொன்னார்: “அந்த அடுப்படியை அத்தைக்கு வெளியிலயே கட்டிக் குடுத்துட்டா என்ன?” அவ்வளவுதான். இடிந்த பழைய வீட்டின் கல்லையே எடுத்து, இரண்டரை மீட்டர் தள்ளி, பத்தடிக்குப் பத்தடியில் ஒரு விறகடுப்படி. மேலே சவுக்குக் கம்பில் பூண்டுப் பரண். வீட்டுக்கும் அதற்கும் நடுவே நனையாமல் போக ஒரு தகரச் சாய்ப்பு. உள்ளே கேஸ் அடுப்பு வைத்த சின்ன அடுப்படி ஆலை வரைந்தபடியே. கஸ்டமைஸ் என்றால் எல்லாவற்றையும் ஆலை வீட்டுக்குள் திணிப்பது என்றே நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பாடத்துக்குப் பிறகு உஷாராகி, டீச்சரிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். சுவரிலும் கூரையிலும் என்னவெல்லாம் மாட்டுவீர்கள், ஒன்று விடாமல் எழுதுங்கள் என்றேன். கீஸர், அலமாரி, சாமிப் படம், கண்ணாடி, டி.வி., தட்டுக் கூடை, துணிக்கொடி. செங்கல் சுவரில் எங்கே வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம். ஜிப்சம் போர்டில் அடித்தால் கையோடு வந்துவிடும். பதினைந்து லிட்டர் கீஸர் தண்ணீரோடு இருபத்தைந்து முப்பது கிலோ. அது இருக்கும் இடத்தில் சட்டங்களுக்கு நடுவே 18 மி.மீ. பிளைவுட் பட்டை முன்கூட்டியே வைக்க வேண்டும். நோட்டில் 23 வரி வந்தது. கடைசி வரி, “தொட்டில் கொக்கி”. மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. தொட்டில் தொங்கும் கனம் மட்டுமல்ல, ஆடும் கனமும் கூட. இரண்டு டிரஸ்ஸுக்கு நடுவே தனி இரும்புக் குழாய் போட்டுக் கொக்கியை அதில் வெல்டிங் வைத்தோம். ஜிப்சம் போர்டு மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் நாடாவை விரித்துப் பிடித்துப் போட்டோ எடுத்து வைத்தேன். பிளைவுட் எங்கே, வயர் எங்கே, குழாய் எங்கே என்று இன்றும் டீச்சரின் போனில் இருக்கிறது.

கடைசி நேர ஜன்னல்

மாசி முதல் வாரம் பலகை வந்தது. வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முன்கூட்டியே எடுத்து, சனி, ஞாயிறு நெரிசலைத் தவிர்த்து, விடியற்காலையில் ஏற்றினோம். ஈச்சர் வண்டி மண்பாதை முகப்பில் நின்றது. அங்கிருந்து பிக்கப், அதிலிருந்து ஆள். ஒவ்வொரு பலகையிலும் டபிள்யூ 1, டபிள்யூ 2 என்று அச்சு அடித்திருந்தது. மூன்று நாளில் சுவர் நின்றுவிட்டது. ஊரே வந்து பார்த்தது. நடந்தால் தரை டொக் டொக் என்கிறதே என்று ஒரு பெரியவர் குறை சொன்னார். சொன்னது சரிதான். நடுவில் குறுக்குச் சட்டங்கள் கூட்டியதும் சத்தம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

சுவர் நின்ற பிறகு டீச்சரின் கணவர் மேற்குச் சுவருக்கு முன்னால் நின்று, “இங்கிருந்து பள்ளத்தாக்கு நல்லாத் தெரியும். ஒரு ஜன்னல் வெச்சா?” என்றார். நான் அன்று இடத்தில் இல்லை. வெல்டிங் வேலைக்கு வந்தவர், அதற்கென்ன என்று கட்டர் எடுத்து இரண்டு சட்டத்தை வெட்டி ஜன்னல் வைத்துவிட்டார். பார்க்க அழகாகவே இருந்தது. நான் வந்து பார்த்து, மேலே குறுக்குச் சட்டம் போட்டுப் பலப்படுத்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். கீழ்விளிம்பைக் கவனிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் டீச்சர் போன் செய்தார். ஹாலில் ஈரக் கோணி வாசம் அடிக்கிறது என்றார். சுவரில் கறை ஒன்றும் இல்லை. தரையோரம் ஜிப்சம் போர்டு மட்டும் விரல்கடை அளவு உப்பியிருந்தது. திறந்தால் ராக்வூல் இடுப்பு உயரத்துக்கு நனைந்து, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஜன்னலின் கீழ்விளிம்பில் வழிந்த மழை, வெட்டிய உறையின் வாய் வழியாக நேராகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. ஆலையில் செய்த ஜன்னல்களுக்கெல்லாம் கீழே தகட்டில் ஒரு தட்டு இருக்கும். இரண்டு முனையும் மேலே மடித்து, வெளிப்பக்கம் சரிந்து, உள்ளே வந்த தண்ணீரையும் வெளியே துப்பிவிடும். இதில் அந்தத் தட்டு இல்லை. வெட்டிய இரும்பின் முனையில் துத்தநாகப் பூச்சும் போய்ச் செந்துரு பிடித்திருந்தது.

நான்கு நாள் வேலை. ஜன்னலைக் கழற்றி, தட்டு அடித்து, உறையை அதன்மேல் வருமாறு ஒட்டி, வெட்டுமுனைகளுக்குத் துத்தநாகப் பெயின்ட் அடித்தோம். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஜிப்சத்தை எடுத்துவிட்டு சிமென்ட் போர்டு வைத்தோம். வரைபடத்தில் இருந்தபோது அந்த ஜன்னலுக்கு ஆகியிருக்கும் செலவைப் போல மூன்று மடங்கு ஆனது. வெட்டியவரை நான் திட்டவில்லை. இரும்புக் கதவு, ஜன்னல் எல்லாம் வெட்டி ஒட்டிப் பழகிய கை அது. இந்தச் சுவரில் எதை வெட்டக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கறுப்புக் கோடுகள்

அடுத்தது என் தப்பு. மார்கழியில் வடக்குப் படுக்கையறைச் சுவரில் இரண்டடிக்கு ஒன்றாக, செங்குத்தாக, மங்கலான கறுப்புக் கோடுகள் வந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பென்சிலால் அளந்து போட்ட மாதிரி. கிட்டப் போய் விரலால் தேய்த்தால் கரி போல ஒட்டுகிறது. பூஞ்சை. பீரோவை நகர்த்தினால் பின்னால் இன்னும் கறுப்பு.

கோடு விழுந்தது சரியாக உள்ளே இரும்புச் சட்டம் இருக்கும் இடத்தில். சட்டங்களுக்கு நடுவே ராக்வூல் இருக்கிறது, குளிர் வராது. ஆனால் சட்டமே இரும்பு. மரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெளியே இரவில் எட்டு டிகிரி, உள்ளே பதினெட்டு என்றால், அந்தக் கோட்டில் மட்டும் சுவர் இரண்டு டிகிரி குறைவாக இருக்கும். இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். வெந்நீர்க் குளியல், காயப்போட்ட துணி, நான்கு பேர் மூச்சு, மூடிய ஜன்னல் எல்லாம் சேர்ந்து அறையின் ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தால், அந்தக் குளிர்ந்த கோட்டின்மேல் அது 80ஐத் தாண்டிவிடும். பூஞ்சைக்குச் சுவரில் தண்ணீர் வழிய வேண்டியதில்லை. 80க்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே அதற்குப் போதும்.

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. முதல் மதிப்பீட்டில் சட்டங்களுக்கு வெளியே, வீட்டைச் சுற்றி இடைவெளியில்லாமல் 25 மி.மீ. காப்புப் பலகை என்று ஒரு வரி இருந்தது. ஸ்வெட்டர் போட்ட மாதிரி. இரும்புக்கும் வெளிக்குளிருக்கும் நடுவே அதுதான் நிற்கும். வெளிச்சுவர் இரண்டடுக்குச் செலவு ஏறியபோது, எங்கேயாவது குறைக்க வேண்டும் என்று வந்தது. சுவருக்குள் ராக்வூல்தான் இருக்கிறதே என்று அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தது நான்தான்.

வெளியே இனிக் கைவைக்க முடியாது. உள்பக்கமாக அந்தச் சுவரில் மட்டும் காப்புப் பலகை ஒட்டி, அதன்மேல் புது போர்டு அடித்தோம். அறை நான்கு செ.மீ. சுருங்கியது. சுவிட்ச் போர்டுகளை முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. குளியலறையில், விளக்கை அணைத்த பிறகும் இருபது நிமிஷம் ஓடும்படி விசிறி வைத்தோம். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். வேலைக்கூலியை நான் வாங்கவில்லை, சாமானுக்கு அவர்கள் கொடுத்தார்கள். கோடு திரும்ப வரவில்லை. மற்ற மூன்று சுவர்களில் வெயில் படுவதால் தப்பித்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மார்கழியும் போகும்போது முதலில் அந்தச் சுவர்களில்தான் விரலை வைத்துப் பார்க்கிறேன்.

கால கணக்கு இது: வரைபடம் போய்வந்தது மூன்று மாதம், ஆலையில் ஆறு வாரம், அதே நேரத்தில் இங்கே கால் எழுப்பியது, இடத்தில் ஐந்து வாரம். விளம்பரத்தில் போட்டிருந்தது நாற்பத்தைந்து நாள். அந்த நாற்பத்தைந்து நாளும் பொய்யில்லை. அது ஆலைக்குள் ஆகும் நேரம் மட்டும்.

காட்டுமாடு

போன வருஷம் ஒரு ராத்திரி காட்டுமாடு வந்து வீட்டின் தென்கிழக்கு மூலையில் உடம்பைத் தேய்த்திருக்கிறது. கொடைக்கானல் பக்கம் இது ஆச்சரியமில்லை, பஸ் ஸ்டாண்ட் வரைக்குமே வரும். கல்சுவராக இருந்தால் மாட்டுக்குச் சுகம், வீட்டுக்கு ஒன்றும் இல்லை. இங்கே வெளிப்பலகை இரண்டும் உள்ளே டபிள்யூ 14ன் சட்டமும் வளைந்துவிட்டன. சத்தம் கேட்டு எழுந்த டீச்சர் முதலில் மண்சரிவு என்று நினைத்தாராம்.

ஆலையில் பழைய வெட்டுப்பட்டியல் பத்திரமாக இருந்தது. எண்ணைச் சொன்னதும் ஒன்பது நாளில் அதே டபிள்யூ 14 வந்து சேர்ந்தது. பிக்கப்பிலிருந்து நான்கு பேர் தூக்கி இறங்கினார்கள், அதில் ஒருவர் அதே மேஸ்திரி. பழையதின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, புதியதை நிறுத்தி, உறையை ஒட்டி, வெளிப்பலகை அடித்து முடிக்க மதியத்துக்கு மேல் ஆகவில்லை. 3.6 மீட்டர் பலகையாக இருந்திருந்தால் அந்த மூலையையே பிரித்திருக்க வேண்டும். மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் காட்டாமல், “அரை நூல்கூட இல்ல” என்று பாட்டியிடம் போய்ச் சொன்னார்.

பெயின்ட் மட்டும் ஒரு சாயல் வெளுத்துத் தெரிகிறது. முழுச் சுவருக்கும் அடித்துவிடலாம் என்றேன். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார், பேரன் வந்தால் மாடு இடித்த இடத்தைக் காட்ட வேண்டுமாம்.